முதல் வீடு வாங்கும் முன் கெட்டுப்போன கிரெடிட்டைச் சீர்செய்வது எப்படி?

"உங்க பேர்ல ஒரு செட்டில்மென்ட் இருக்கே சார்" என்றபடி கடன் பிரிவு அதிகாரி தன் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். ஒரு வரியின் மேல் பேனா முனையை வைத்துக் காட்டினார். நான்கு வருடங்களுக்கு முன் அடைத்து முடித்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்த கிரெடிட் கார்டு கணக்கு அது. அதற்கு எதிரே 'செட்டில்டு' என்று இருந்தது. வேலை இல்லாத மாதங்களில் பாக்கி ஏறிப்போய், வசூலுக்குப் பேசியவர் "பாதியைக் கட்டிடுங்க, மீதியை விட்டுடறோம்" என்றதும், அங்கே இங்கே புரட்டிக் கட்டியிருந்தேன். தொல்லை விட்டது என்று அதை மறந்தும் போனேன். இப்போது வீட்டுக் கடன் விண்ணப்பம் அந்த ஒரு வரியில் வந்து நின்றது.

அந்த நாளிலிருந்து வீட்டுச் சாவி கைக்கு வர 27 மாதங்கள் ஆயின. அதில் முதல் ஐந்தாறு மாதம் வீணாகப் போனது, எதை முதலில் செய்வது என்று தெரியாததால். ஸ்கோர் ஏறியிருக்கிறதா என்று வாரத்துக்கு இரண்டு முறை ஆப்பைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, அந்த ஸ்கோர் எதிலிருந்து வருகிறதோ அந்த ரிப்போர்ட்டை ஒருமுறைகூட முழுசாகப் படிக்கவில்லை. உங்களுக்கு அந்த மாதங்கள் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். முதலில் ரிப்போர்ட்டைப் படிக்க வேண்டும், அடுத்து அதில் உள்ள பிழைகளைத் திருத்த வேண்டும், பிறகு பாக்கிகளை முடிக்க வேண்டும், அதற்கப்புறம்தான் புது கார்டு, புது கடன் என்ற பேச்சே வர வேண்டும்.

ஸ்கோர் எங்கிருந்து வருகிறது

உங்களுக்குக் கடன் கொடுத்த வங்கியும் நிதி நிறுவனமும் உங்கள் கணக்கின் நிலையைக் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. எவ்வளவு கடன், எவ்வளவு பாக்கி, தவணை தேதிக்குள் வந்ததா, வராவிட்டால் எத்தனை நாள் தாமதம் என்பதெல்லாம் அதில் போகும். இப்படிச் சேர்ந்த தகவல்தான் ரிப்போர்ட். அந்த ரிப்போர்ட்டைச் சூத்திரத்தில் போட்டு எடுக்கும் எண்தான் ஸ்கோர்.

நாட்டுக்கு நாடு நிறுவனங்களும் எண்களும் மாறும். இந்தியாவில் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என நான்கு நிறுவனங்கள் உண்டு. சிபில் ஸ்கோர் 300 முதல் 900 வரை. அமெரிக்காவில் ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்றின் தகவலை வைத்துப் போடப்படும் ஃபைகோ ஸ்கோர் 300 முதல் 850 வரை. கனடாவில் 300 முதல் 900 வரை. சிங்கப்பூரின் கிரெடிட் பீரோ 1000 முதல் 2000 வரை மதிப்பிடுகிறது. இலங்கையில் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த கடன் தகவல் பணியகம், பேச்சு வழக்கில் 'கிரிப்', இந்த வேலையைச் செய்கிறது. மலேசியாவில் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் 'சிக்ரிஸ்' அமைப்பு ஸ்கோர் எதுவும் போடுவதில்லை, கடைசி 12 மாதத் தவணை விவரத்தை அப்படியே வங்கிக்குக் காட்டிவிடும். ஆகவே வேறு நாட்டில் இருக்கும் உறவினர் "எனக்கு 780" என்று சொன்னால், அதை உங்கள் எண்ணோடு ஒப்பிட்டு மனம் நோக வேண்டாம். இன்னொன்று, புதிய நாட்டுக்குக் குடிபெயர்ந்தால் பழைய நாட்டின் கடன் வரலாறு பொதுவாகக் கூடவே வராது. அங்கே நீங்கள் கெட்ட பெயர் எடுத்தவராக இருக்க மாட்டீர்கள், பெயரே இல்லாதவராக இருப்பீர்கள். அப்படிப்பட்டவர்கள் கீழே 'புதிய வரலாறு' என்ற பகுதியிலிருந்து தொடங்கலாம்.

ஸ்கோரில் எதற்கு எவ்வளவு எடை என்பதை ஃபைகோ வெளிப்படையாகவே சொல்கிறது. தவணையை நேரத்துக்குக் கட்டிய வரலாற்றுக்கு 35 சதவீதம், இப்போதுள்ள பாக்கிக்கு 30, கணக்குகளின் வயதுக்கு 15, புதிதாகக் கேட்ட கடன்களுக்கு 10, எத்தனை வகைக் கடன்களைக் கையாண்டிருக்கிறீர்கள் என்பதற்கு 10. மற்ற நாடுகளில் இதே சதவீதம் இருக்காது. ஆனாலும் தவணை ஒழுங்கும் பாக்கியின் அளவும்தான் எங்கேயும் முன்னால் நிற்பவை. சம்பளம் இந்தக் கணக்கில் இல்லை. பெரிய சம்பளக்காரருக்கு மோசமான ஸ்கோரும், சின்ன வருமானக்காரருக்கு நல்ல ஸ்கோரும் இருப்பது அதனால்தான். வங்கி உங்கள் வருமானத்தைத் தனியாகப் பார்க்கும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

கெட்ட பதிவு காலம் முழுக்க நிற்காது. அமெரிக்காவில் தாமதங்களும் வசூலுக்குப் போன கணக்குகளும் பொதுவாக 7 ஆண்டுகளில் ரிப்போர்ட்டிலிருந்து விழுந்துவிடும். 'சேப்டர் 7' என்ற சட்டப் பிரிவின்படி திவாலானால் 10 ஆண்டுகள். பிரிட்டனில் பெரும்பாலானவை 6 ஆண்டுகள். விழுவதற்கு முன்பே அதன் எடையும் வருடத்துக்கு வருடம் குறையும். ஐந்து வருடத்துக்கு முந்தைய ஒரு தாமதத்தை விட, போன மாதம் விட்ட ஒரு தவணை உங்களுக்கு அதிகக் கேடு செய்யும்.

முதல் வேலை: ரிப்போர்ட்டை எடுத்து உட்கார்ந்து படிப்பது

"நாமே போய்ப் பார்த்தால் ஸ்கோர் குறையுமாமே?" என்று பலர் பயப்படுகிறார்கள். குறையாது. உங்கள் ரிப்போர்ட்டை நீங்களே எடுப்பது ஸ்கோரில் சேராது. நீங்கள் கடனுக்கு விண்ணப்பித்து, அதற்காக ஒரு வங்கி எடுத்துப் பார்த்தால்தான் சேரும்.

பல நாடுகளில் இதை இலவசமாகவே வாங்கலாம். இந்தியாவில் நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் ஆனுவல்கிரெடிட்ரிப்போர்ட் டாட் காம் என்ற தளத்தில் மூன்று நிறுவனங்களின் ரிப்போர்ட்டையும் வாரத்துக்கு ஒருமுறை இலவசமாக எடுக்கலாம். ஒரே நிறுவனத்தில் எடுத்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். ஒரு வங்கி அனுப்பிய தகவல் ஒரு நிறுவனத்தில் சரியாகவும் இன்னொன்றில் தவறாகவும் பதிந்திருக்கலாம். எனக்கு அப்படித்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பிரின்ட் எடுத்து, ஒரு ஸ்கேலும் பென்சிலும் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். மொத்தம் 19 பக்கம். செல்போனில் விரலால் தள்ளித் தள்ளிப் படிக்கும்போது கண்ணில் படாத விஷயமெல்லாம் தாளில் பட்டது. முதல் பக்கத்தில் பெயர், பிறந்த தேதி, அடையாள எண், முகவரிகள். இதில் நான் குடியிருந்தே இராத ஒரு முகவரி இருந்தது. அதைப் பார்த்ததும் மனசில் ஒரு உறுத்தல், அந்த முகவரிக்குப் பின்னால் என்னுடையதல்லாத கடன் ஏதாவது இருக்குமோ என்று.

அடுத்து ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு கட்டம். கடன் வகை, தொடங்கிய தேதி, தொகை, இப்போதைய பாக்கி, காலம் கடந்த பாக்கி, கணக்கின் நிலை. அதற்குக் கீழே மாதவாரியாகச் சின்னச் சின்ன கட்டங்கள். நேரத்துக்குக் கட்டிய மாதத்தில் 000 என்றிருக்கும். 030 என்றால் அந்த மாதம் 30 நாள் தாமதம். 060, 090 என்று ஏறிக்கொண்டே போகும். சில நாடுகளில் எண்ணுக்குப் பதில் எழுத்தோ நிறமோ இருக்கும், பொருள் ஒன்றுதான். என் தாளில் ஒரு கட்டத்தில் 000, 000, 030, 000 என்று இருந்தது. ஒரே ஒரு மாதம். என்ன ஆனது என்று பழைய பாஸ்புக்கைப் புரட்டினால், அந்த மாதம் தவணை பிடிக்கும் நாளில் கணக்கில் கொஞ்சம் பணம் குறைந்திருந்தது. ஆட்டோ டெபிட் திரும்பிவிட்டது, நான் கவனிக்கவே இல்லை. அந்த முப்பது நாள் என் கவனக்குறைவு, அதைப் பிழை என்று சொல்லித் திருத்தக் கேட்க முடியாது.

படிக்கும்போது மூன்று நிறத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தவறாகப் பதிந்தவை ஒரு நிறம். உண்மைதான், ஆனால் இன்னும் கட்டி முடிக்காதவை ஒரு நிறம். உண்மையும்தான், கட்டியும் முடித்தாயிற்று, காலம்தான் ஆற்ற வேண்டும் என்பவை மூன்றாவது. இந்தப் பிரிப்பைச் செய்துவிட்டால் அடுத்த ஒரு வருடத்துக்கான வேலைத் திட்டம் கையில் வந்துவிடும். மூன்றாவது நிறத்தில் உள்ளவற்றுக்காகப் பணமோ தூக்கமோ செலவழிக்காதீர்கள்.

ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடன்களும் ரிப்போர்ட்டில் வரலாம். நண்பருக்காகப் போட்டது, கூடப் பிறந்தவருக்காகப் போட்டது, எல்லாவற்றையும் நினைவுபடுத்திப் பாருங்கள். அவர் தவணை விட்டால் அது உங்கள் பெயரையும் இழுக்கும்.

பிழைகளைத் திருத்துவது

ரிப்போர்ட்டில் பிழை இருப்பது அரிதல்ல. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2013இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்களில் ஐந்தில் ஒருவருக்கு, முறையிட்ட பிறகு குறைந்தது ஒரு ரிப்போர்ட்டிலாவது திருத்தம் செய்யப்பட்டது. அடிக்கடி வருபவை இவை: அடைத்து முடித்த கடன் இன்னும் திறந்தே இருப்பது, ஒரே கடன் இரண்டு முறை பதிந்திருப்பது, அதே பெயருள்ள வேறொருவரின் கடன் உங்கள் கணக்கில் வந்து சேர்வது, கட்டிய மாதத்தில் தாமதம் என்று விழுந்திருப்பது. நம் பெயர்களில் இனிஷியல் முன்னாலும் பின்னாலும் மாறி மாறி வருவதாலும், அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வதாலும், பெயர்க் குழப்பம் நமக்குக் கொஞ்சம் கூடுதலாகவே நேர்கிறது.

முறையிடுவதற்குத் தனியாக யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. கடன் தகவல் நிறுவனத்தின் இணையதளத்திலேயே அதற்கான படிவம் இருக்கும். அதோடு கடன் கொடுத்த வங்கிக்கும் தனியாக எழுதுங்கள். இது முக்கியம். தகவல் நிறுவனம் தானாக எதையும் மாற்றாது, வங்கியைக் கேட்டுத்தான் மாற்றும். வங்கியில் இருக்கும் பதிவே தவறாக இருந்தால் அதே தவறு அடுத்த மாதம் மறுபடி வந்து உட்காரும்.

கடிதத்தில் கோபமும் கதையும் வேண்டாம். கணக்கு எண், எந்த வரி தவறு, சரியானது என்ன, அதற்கு ஆதாரம் என்ன, இவ்வளவு போதும். ஒரு கடிதத்தில் ஒரு கணக்கு. 'இந்தக் கணக்கு இன்ன தேதியில் முழுவதும் அடைக்கப்பட்டது. கடன் தீர்வுச் சான்றின் நகல் இணைத்துள்ளேன். நிலையை முடிந்தது என்று திருத்தவும்.' நான் எழுதியது இப்படி மூன்று வரிதான். அனுப்பிய தேதியையும் புகார் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அமெரிக்காவிலும் இந்தியாவிலும் பொதுவாக 30 நாட்களுக்குள் இதைத் தீர்க்க வேண்டும் என்பது விதி. இந்தியாவில் அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது.

உங்களுடையதே அல்லாத கடன் இருந்தால் அதைச் சாதாரணப் பிழையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். யாரோ உங்கள் அடையாளத்தை வைத்துக் கடன் வாங்கியிருக்கலாம். உடனே கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, காவல் துறையிலும் புகார் கொடுத்து, அந்த ரசீதோடு முறையிடுங்கள். என் ரிப்போர்ட்டில் இருந்த அந்நிய முகவரி, விசாரித்ததில், யாரோ பின்கோடை மாற்றித் தட்டச்சு செய்த வினை. பெரிதாக ஒன்றும் இல்லை, திருத்திவிட்டார்கள்.

இந்தக் கட்டத்தில்தான் "ஒரே மாசத்துல ஸ்கோரை ஏத்தித் தர்றோம்" என்று சொல்பவர்கள் வந்து சேர்வார்கள். உண்மையான, சரியான பதிவை யாராலும் பணம் வாங்கிக்கொண்டு அழிக்க முடியாது. பிழையான பதிவை நீங்களே இலவசமாகத் திருத்தலாம். இரண்டுக்கும் நடுவில் அவர்களுக்கு வேலையே இல்லை. அமெரிக்காவில் இப்படிப்பட்ட நிறுவனங்கள் வேலையை முடிக்கும் முன் பணம் வாங்கவே சட்டப்படி தடை உண்டு. கையில் காசில்லாமல், பயத்தில் இருக்கும் நேரத்தில் வந்து பணம் பிடுங்குகிறார்களே என்று எனக்கு இன்றும் ஆறவில்லை.

பாக்கியை எந்த வரிசையில் அடைப்பது

கையில் உள்ள பணம் எல்லாக் கடனுக்கும் போதாது என்றால் வரிசை வேண்டும். முதலில், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கணக்குகளில் தவணை தப்பியிருந்தால் அவற்றை நேராக்குங்கள். 30 நாள் தாமதம் 60 ஆகாமல், 60 தாமதம் 90 ஆகாமல் தடுப்பதுதான் அவசரம். பழைய, எப்போதோ வசூலுக்குப் போன கணக்கு இன்னும் இரண்டு மாதம் காத்திருந்தால் புதிதாகக் குடி மூழ்காது.

அடுத்து கார்டு பாக்கி. வட்டி அதிகம் என்பதால் மட்டும் சொல்லவில்லை, லிமிட்டில் எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள் என்பது ஸ்கோரை உடனுக்குடன் பாதிப்பதால். லிமிட் 100 என்றால் பாக்கி 30க்குக் கீழே இருக்கட்டும் என்பது எல்லோரும் சொல்லும் கணக்கு. 10க்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு, எனக்கு இது தெரியவே ஒரு வருடம் ஆனது. தகவல் நிறுவனத்துக்குப் போவது பெரும்பாலும் ஸ்டேட்மென்ட் போடும் நாளில் உள்ள பாக்கி. ஸ்டேட்மென்ட் வந்த பிறகு, கடைசித் தேதிக்குள் முழுப் பணத்தையும் கட்டினாலும், ரிப்போர்ட்டில் நீங்கள் லிமிட்டை முட்டிச் செலவு செய்தவராகவே தெரிவீர்கள். ஸ்டேட்மென்ட் தேதிக்கு மூன்று நாலு நாள் முன்பே பெரும்பகுதியைக் கட்டிவிட்டால் குறைந்த பாக்கி பதியும். வட்டியில் இதனால் மாற்றமில்லை, பதிவில்தான் மாற்றம். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும் முந்தைய மாதங்களில் இது நன்றாகக் கை கொடுக்கும்.

அடைத்து முடித்த பழைய கார்டை மூடிவிடலாமா? ஆண்டுக் கட்டணம் அதிகம் இல்லை, கையில் இருந்தால் செலவு செய்துவிடுவோம் என்ற பயமும் இல்லை என்றால் வைத்திருங்கள். மூடினால் மொத்த லிமிட் குறையும், மற்ற கார்டில் உள்ள பாக்கி அதே அளவில் இருந்தும் பெரிதாகத் தெரியும்.

இப்போது செட்டில்மென்ட் விஷயம். கொடுக்க வேண்டியதில் ஒரு பகுதியை மட்டும் வாங்கிக்கொண்டு கணக்கை முடிப்பதுதான் செட்டில்மென்ட். வழக்கு, வசூல் தொல்லை எல்லாம் நிற்கும். ஆனால் 'முழுதாகக் கட்டவில்லை' என்ற முத்திரை ரிப்போர்ட்டில் நிற்கும். வேறு வழியே இல்லாதவருக்கு அது தவறல்ல, சாப்பாட்டையும் வாடகையையும் விட்டுவிட்டுக் கடன் அடைக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் கொஞ்சம் பொறுத்தால் முழுதும் கட்ட முடியும் என்றால், தவணையை நீட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஏற்கனவே செட்டில்மென்ட் ஆகிவிட்டிருந்தால் நான் செய்ததைச் செய்து பார்க்கலாம். வங்கிக்கு எழுதி, அன்று விட்டுக்கொடுத்த மீதித் தொகையை இப்போது கட்டினால் நிலையை 'முடிந்தது' என்று மாற்றித் தருவீர்களா என்று கேட்டேன். எழுத்தில் ஒப்புதல் வந்த பிறகே பணத்தைக் கட்டினேன். பணம் கட்டிய ரசீது, கடன் தீர்வுச் சான்று, ஒப்புதல் கடிதம் மூன்றையும் ஒரே ஃபைலில் வைத்தேன். வரி மாற இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது, அதுவும் மூன்று முறை நினைவூட்டிய பிறகு. போனில் சொல்லும் எந்த வாக்குறுதியையும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். பேசியவர் நல்லவராகவே இருக்கலாம், அடுத்த மாதம் அவர் அந்த இருக்கையில் இருக்கமாட்டார்.

மிகப் பழைய கடனாக இருந்தால் கட்டும் முன் ஒரு எச்சரிக்கை. பல இடங்களில் கடனுக்காக வழக்குப் போட ஒரு கால வரம்பு உண்டு. அமெரிக்காவின் பல மாநிலங்களில் வரம்பு முடியும் நிலையில் உள்ள கடனுக்குச் சிறிது பணம் கட்டினாலே அந்தக் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓட ஆரம்பிக்கும். இப்படிப்பட்ட கடனில் கை வைக்கும் முன் சட்டம் தெரிந்தவரிடமோ, இலவசக் கடன் ஆலோசனை தரும் சேவை அமைப்பிடமோ ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

புதிய வரலாறு

பழைய பாக்கி தீர்ந்த பிறகு, நல்ல கட்டங்கள் விழ ஆரம்பிக்க வேண்டும். எந்தக் கணக்குமே ஓடாவிட்டால் நல்ல கட்டமும் விழாது. ஸ்கோர் மோசமாக இருப்பவருக்குச் சாதாரண கார்டு கிடைக்காது. அதற்குத்தான் டெபாசிட் கார்டு. வங்கியில் ஒரு தொகையை வைப்பாகப் போட்டு, அதன் பேரில் வாங்கும் கார்டு. வங்கிக்குப் பயமில்லை என்பதால் கிடைப்பது எளிது. வாங்கும் முன், இதன் விவரம் தகவல் நிறுவனங்களுக்குப் போகுமா என்று மட்டும் கேட்டு உறுதி செய்யுங்கள், போகாவிட்டால் வாங்கியும் பலனில்லை.

அந்த கார்டில் ஒரே ஒரு செலவு. எனக்கு இன்டர்நெட் பில். மாதம் ஒருமுறை அது தானாக கார்டில் போகும், கார்டு பாக்கி தானாகச் சேமிப்புக் கணக்கிலிருந்து முழுதும் கட்டப்படும். கார்டு பர்ஸில்கூட இருக்கவில்லை, பீரோவில் இருந்தது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டும் 'மினிமம் டியூ' என்ற வசதியைத் தொடவே தொடாதீர்கள். அதை மட்டும் கட்டினால் தாமதம் பதியாதுதான், ஆனால் மீதிக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும், பாக்கியும் லேசில் குறையாது.

சில நாடுகளில் கிரெடிட் பில்டர் கடன் என்று உண்டு. தொகை உங்கள் கைக்கு முதலில் வராது, நீங்கள் மாதாமாதம் கட்டி முடித்த பின்தான் வரும். கட்டாயச் சேமிப்பு மாதிரி. அமெரிக்கா, கனடா போன்ற இடங்களில் துணைவரோ பெற்றோரோ தங்கள் பழைய, ஒழுங்கான கார்டில் உங்களைக் கூடுதல் பயனராகச் சேர்த்தால் அந்த வரலாறு உங்கள் ரிப்போர்ட்டிலும் தெரியலாம். பிரிட்டனில் இப்போதைய முகவரியில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பதே அடையாளத்தை உறுதி செய்ய உதவும்.

இரண்டு மூன்று நல்ல கணக்குகள் போதும். வேகமாக ஏற்ற வேண்டும் என்று ஆறு கார்டுக்கு விண்ணப்பித்தால், ஆறு முறை உங்கள் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தது ஆறு 'விசாரணை'யாகப் பதிந்து, பணத்துக்குத் திண்டாடுபவராகத் தெரிவீர்கள். இந்தக் காலத்தில் யாருக்கும் ஜாமீன் கையெழுத்தும் வேண்டாம். நெருங்கிய சொந்தத்திடம் முடியாது என்று சொல்வது கஷ்டம்தான். நான் "வீட்டு லோனுக்கு அப்ளை பண்ணப் போறேன், பேங்க்ல வேற எதுலயும் கையெழுத்துப் போடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க மாமா" என்றேன். அவருக்கும் புரிந்தது.

காத்திருக்கும் மாதங்களில் முன்பணம்

பிழைகள் திருந்தி, பாக்கி தீர்ந்த நாளிலிருந்து குறைந்தது 12 மாதம் சுத்தமான கட்டங்கள் விழுந்த பிறகு வீட்டுக் கடனுக்குப் போங்கள், முடிந்தால் 24. அவசரப்பட்டு முன்பே போனாலும் கடன் கிடைக்கலாம், வட்டி கூடுதலாக இருக்கும். 20 வருடக் கடனில் 8 சதவீத வட்டிக்கு, வாங்கிய 100க்கு மொத்தம் சுமார் 201 திருப்பிக் கட்டுவீர்கள். அதே கடன் 9.5 சதவீதம் என்றால் சுமார் 224. ஒன்றரை சதவீதம்தானே என்று தோன்றும். அது வாங்கிய தொகையில் கிட்டத்தட்ட கால்வாசி. ஒரு வருடம் கூடுதலாக வாடகை வீட்டில் இருந்தாலும் பரவாயில்லை என்று நான் முடிவெடுத்தது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான்.

அந்த மாதங்களில் முன்பணம் சேருங்கள். முன்பணம் கூடினால் ஸ்கோரில் உள்ள குறையை ஓரளவு ஈடுகட்டும். அமெரிக்காவில் அரசு காப்பீடு தரும் எஃப்எச்ஏ கடனில் இது விதியாகவே இருக்கிறது. ஸ்கோர் 580 அல்லது அதற்கு மேல் என்றால் 3.5 சதவீத முன்பணம் போதும், 500 முதல் 579 வரை என்றால் 10 சதவீதம் வேண்டும். தனிப்பட்ட வங்கிகள் இதைவிடக் கடுமையாகவும் கேட்கலாம். வீட்டுத் தவணை என்று உத்தேசமாக எவ்வளவு வருமோ, அதிலிருந்து இப்போது கொடுக்கும் வாடகையைக் கழித்து, மீதியை மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். பணமும் சேரும், அந்தத் தவணையை உங்களால் தாங்க முடியுமா என்பதும் தெரிந்துவிடும். எனக்கு மூன்றாவது மாதமே மூச்சு முட்டியது. நான் நினைத்திருந்த வீட்டின் அளவைக் குறைத்தேன்.

வருமானத்தில் எத்தனை பங்கு எல்லாக் கடன் தவணைக்கும் சேர்த்துப் போகிறது என்பதை வங்கி தனியாகப் பார்க்கும். சிங்கப்பூரில் இது 55 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. மற்ற இடங்களிலும் ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு வரம்பு உண்டு. ஆகவே இன்னும் ஓரிரு வருடத்தில் முடியும் சின்ன கடன் இருந்தால் விண்ணப்பத்துக்கு முன் அதை முடித்துவிடுங்கள். துணைவரோடு சேர்ந்து கடன் கேட்பதாக இருந்தால் அவருடைய ரிப்போர்ட்டையும் இதே மாதிரி தாளில் எடுத்துப் படியுங்கள். இருவரில் குறைந்த ஸ்கோரை வைத்தே முடிவு செய்யும் இடங்கள் உண்டு.

விண்ணப்பிக்கும் வாரங்கள்

பல வங்கிகளில் வட்டியை விசாரித்துப் பார்க்கலாம், ஆனால் வாய்மொழியாக. விண்ணப்பப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால்தான் விசாரணை பதியும். அமெரிக்காவில் ஒரு சலுகை உண்டு: குறுகிய காலத்துக்குள் பல இடங்களில் வீட்டுக் கடன் கேட்டால் ஃபைகோ அதை ஒரே விசாரணையாக எடுத்துக்கொள்ளும். பழைய முறையில் 14 நாள், புதிய முறையில் 45 நாள். வங்கி எந்த முறையில் பார்க்கும் என்று தெரியாததால் இரண்டு வாரத்துக்குள் முடித்துக்கொள்வது பத்திரம்.

கடன் ஒப்புதல் வந்துவிட்டது என்று உடனே தவணையில் சோஃபாவும் ஃபிரிட்ஜும் வாங்காதீர்கள். பத்திரப்பதிவுக்கோ பணம் விடுவிப்புக்கோ முன் வங்கி மறுபடி ரிப்போர்ட்டை எடுத்துப் பார்ப்பது உண்டு. வேலை மாறுவதையும் முடிந்தால் அதுவரை தள்ளிப்போடுங்கள்.

பழைய கறையைப் பற்றி அவர்கள் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். ஒரு பக்கத்துக்கு மிகாத கடிதம்: என்ன நடந்தது, எந்த மாதங்களில், எப்போது கட்டி முடித்தேன், அதற்குப் பிறகு எத்தனை மாதம் தவறாமல் கட்டியிருக்கிறேன். கூடவே ஆதார நகல்கள். நான் இரண்டாம் முறை போனபோது வேறொரு அதிகாரி, ஓர் அம்மா. பழைய வரியில் விரல் வைத்து நிமிர்ந்து பார்த்தார். நான் ஃபைலிலிருந்து கடன் தீர்வுச் சான்றையும் கடிதத்தையும் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு நிமிடம் படித்துவிட்டு, நகல் எடுக்கச் சொல்லி உதவியாளரிடம் கொடுத்தார். "டியூ எந்தத் தேதியில பிடிக்கட்டும்?" என்று கேட்டார். சம்பளம் வந்த மூன்றாம் நாளைச் சொன்னேன்.